ஒரு கரும்புள்ளி, நான்கு காரணங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஓஎல்இடி திரை உற்பத்தியில் வரும் பழுதுகளைக் கண்டுபிடிப்பதை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கிறேன். பேனலை வெள்ளையில் எரியவிட்டுக் கேமராவில் படம் பிடித்து, நல்லது, பழுது என்று பிரிக்க ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்தேன். துல்லியம் 99 சதவீதம் வருகிறது. அப்படியென்றால் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் தனிச் சோதனை எதற்கு? கடைசியில் ஒரு கேமரா போதாதா?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த 99. ஆயிரம் பேனலில் பத்துதான் பழுது என்றால், எதையும் பார்க்காமல் ‘எல்லாம் நல்லது’ என்று சொல்லும் நிரலுக்கும் 99 வந்துவிடும். பழுதில் எத்தனை தப்பிப் போயின, நல்லதில் எத்தனை வீணாகக் கழிந்தன என்று இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். இன்னொன்று, பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களை எப்படிப் பிரித்தீர்கள்? ஒரே மாஸ்க்கில், அதாவது ஒளிரும் பொருளை உரிய இடத்தில் மட்டும் விழவிடும் துளைத் தகட்டில், வந்த பேனல்களில் ஒரே பழுது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். படங்களைக் கலைத்துப்போட்டுப் பிரித்திருந்தால், பயிற்சியில் பார்த்த பழுதையே நிரல் தேர்விலும் பார்க்கிறது. மாஸ்க் வாரியாகப் பிரியுங்கள்.

கடைசிக் கேமரா ஏன் போதாது என்றால், அந்தக் கட்டத்தில் தெரிந்துகொண்டு செய்வதற்கு அதிகம் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் ஒளி தரும் கரிமப் படலங்கள் ஏறிய பிறகு தண்ணீரோ கரைப்பானோ பட்டால் அவை கெட்டுவிடும். கழுவிவிட்டு மறுபடி படியவைக்க முடியாது. அதனால்தான் டிரான்சிஸ்டர் அடுக்கு முடிந்ததும், கரிமப் பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும் ஆவிப்படிவு அறைக்குள் போகும் முன்பே, மின்சோதனை வைக்கிறார்கள். அங்கே ஷார்ட்டான கம்பியை லேசரால் வெட்டலாம், அறுந்ததை இணைக்கவும் செய்யலாம். படலம் ஏறிய பிறகு லேசரால் முடிவதெல்லாம் ஷார்ட்டான இடத்தைச் சுட்டுத் துண்டிப்பது, அணையாமல் எரியும் பிக்சலை நிரந்தரமாக அணைப்பது என்ற அளவுக்குத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், எரியவிட்ட படத்தில் எல்லாக் கரும்புள்ளியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது. கரிமப் படலங்கள் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 200 நானோமீட்டர் கனம்தான். ஒரு மைக்ரான் தூசு அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு. தூசின் ஓரத்தில் படலம் சரியாக மூடாமல் போக, மேல் மின்முனையான கேத்தோடு, கீழ் மின்முனையான அனோடைத் தொட்டுவிடும். மின்னோட்டம் முழுக்க அந்த வழியே ஓடிவிடுவதால் பிக்சல் எரியாது. இது முதல் காரணம். மாஸ்க்கின் துளை அடைத்துக்கொண்டு ஒளிரும் பொருளே விழாமல் போவது இரண்டாவது. ஈரம் புகாமல் மேலே போர்த்தும் மூடுபடலத்தின் ஊசித்துளை வழியே ஈரம் புகுந்து கேத்தோடைக் கெடுப்பது மூன்றாவது. பிக்சலை ஓட்டும் டிரான்சிஸ்டரோ இணைப்போ அறுந்துபோவது நான்காவது.

இவற்றைப் பிரிக்க முதல் கருவி புற ஊதா விளக்கு. பேனலை அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பின் கீழ் புற ஊதாவைக் காட்டினால், மின்சாரம் இல்லாமலே கரிமப் பொருள் ஒளிரும். பச்சைப் பிக்சலில் பச்சை வராமல் மங்கலான நீலம் மட்டும் தெரிந்தால் ஏமாறாதீர்கள். அது எல்லாப் பிக்சலுக்கும் பொதுவான கடத்தும் அடுக்கின் ஒளி. பச்சைப் பொருள் அங்கே விழவே இல்லை, மாஸ்க்கைப் பாருங்கள். பச்சை நன்றாகவே ஒளிர்ந்தால் பொருள் இருக்கிறது, மின்சாரம்தான் அதன் வழியே போகவில்லை.

அடுத்து, எதிர்த் திசையில் வோல்டேஜ் கொடுத்துக் கசிவைப் பாருங்கள். ஷார்ட் இருந்தால் கசியும். அந்த இடம் சூடாகி வெப்பக் கேமராவில் புள்ளியாகத் தெரியும். அறுந்த பிக்சல் கசியாது, சூடாகவும் ஆகாது. ஈரத்தின் அடையாளம் வளர்ச்சி. 60 டிகிரி செல்சியஸ், 90 சதவீத ஈரப்பதத்தில் சில நாள் வைத்து மறுபடி படம் எடுத்தால் புள்ளி பெருத்திருக்கும். மற்ற மூன்றும் அப்படியே நிற்கும்.

உங்களுக்கு இந்தக் கருவிகள் கிடைக்காமல் போகலாம். காசில்லாத கருவி ஒன்று உண்டு: புள்ளியின் ஆயத்தொலைவு. பேனல்கள் உருவாகும் கண்ணாடித் தகடுகளில் அடுத்தடுத்தவற்றின் பழுதுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், ஒரே இடத்தில் குவிவது மாஸ்க்கின் வேலை, சிதறிக் கிடப்பது தூசு. ஆகவே படத்தை வெட்டிச் சிறிதாக்கும்போது கண்ணாடி எண், மாஸ்க் எண், இடம் மூன்றையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

படம் எடுப்பதிலும் சில திருத்தங்கள். வெள்ளை மட்டும் போதாது. வெள்ளையின் பிரகாசத்தில் நீலத்தின் பங்கு மிகக் குறைவு. ஒரு நீலப் பிக்சல் செத்திருந்தால் வெள்ளையில் தெரியாமலே போகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனியே எடுங்கள். மாஸ்க் விலகி நிறம் கலந்திருப்பதும் அப்போதுதான் அகப்படும். எக்ஸ்போஷர், திரையின் ஃபிரேம் நேரத்தின் முழு மடங்காக இருக்கட்டும்: 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். இல்லாவிட்டால் படத்தில் பட்டை விழும். கடைசியாக, பேனலை அணைத்து, பக்கவாட்டில் தாழ்வாக ஒளி பாய்ச்சி ஒரு படம். மேற்பரப்பில் ஒட்டிய தூசு அதில் பளிச்சென்று தெரியும். அந்த இடங்களைப் பழுதுப் பட்டியலிலிருந்து கழித்துவிடலாம். நல்ல பேனல் வீணாகக் கழிவதற்கு இந்தத் தூசுதான் வழக்கமான காரணம்.

முராவையும், அதாவது திட்டுத்திட்டான பிரகாச வேறுபாட்டையும், பிடிக்க நினைத்தால் மங்கலான சாம்பலில் எடுங்கள். டிரான்சிஸ்டரின் மின்னோட்டம், அது மின்சாரத்தை விடத் தொடங்கும் தொடக்க வோல்டேஜுக்கு மேல் கொடுக்கும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த மிகுதி 2 வோல்ட் இருக்கும்போது தொடக்க வோல்டேஜ் 0.05 வோல்ட் கூடினால் பிரகாசம் 5 சதவீதம் குறையும், மிகுதி 0.5 வோல்ட்தான் என்றால் அதே பிசகு 19 சதவீதத்தைத் தின்றுவிடும். பிக்சலுக்குள் இருக்கும் ஈடுசெய்யும் சுற்று இதில் பெரும்பகுதியைச் சரிசெய்தாலும் மிச்சம் மங்கலில்தான் கண்ணுக்குப் படும். ஒன்றைக் கவனியுங்கள்: தொழிற்சாலையில் ஒவ்வொரு பிக்சலையும் அளந்து, திருத்த எண்களைப் பேனலோடு இருக்கும் மெமரியில் எழுதிவிடுவார்கள். அதன் பிறகு எடுத்த படத்தில் முரா மறைந்திருக்கும், அதற்குக் காரணமான கோளாறு அப்படியே இருக்கும். திருத்தத்துக்கு முந்தைய படங்களைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முராவை விட்டுவிட்டுப் புள்ளிப் பழுதுகளோடு புராஜெக்டை நிறுத்திக்கொள்வது நல்லது.