டென்னிஸ் எல்போவுக்கு ஊசி போட்டுக்கொள்வது நல்லதா?

உங்கள் அம்மா விடியற்காலையில் கடைகளுக்கு இடியப்பம் பிழிந்து கொடுப்பவர் என்றும், இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்புறம் நோகிறது என்றும், டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாதவருக்கு இந்த நோய் எப்படி வந்தது, ஊசி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்லன். ஆரையம்பதியில் தளபாட வேலை செய்பவன். திருகாணி முடுக்கி முடுக்கி இதே நோவை ஒன்றரை வருடம் சுமந்தவன்.

பெயரை நம்பாதீர்கள். 1873 இல் இதை முதலில் விவரித்த ஜேர்மன் வைத்தியர் றுங்கே, எழுதுவோருக்கு வரும் கை நோவாகவே இதைக் கண்டார். டென்னிஸ் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் நிறுத்துபவை முன்கையின் மேற்புறத் தசைகள். அவற்றின் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் பற்றியிருக்கிறது. இடியப்ப உரலின் பிடிகளை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே இடம் இழுபடுகிறது. உள்ளங்கை கீழே பார்க்க, முழங்கையை நீட்டியபடி கதிரையின் சாய்மானத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த முனையில் சுரீரென்று குத்தினால் பெரும்பாலும் இதுதான்.

ஊசி விடயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் ஸ்டெரொயிட் ஊசி போட்டார்கள். ஒரு கிழமைக்குள் நோவு போன இடம் தெரியவில்லை. நானும் பழைய வேகத்தில் வேலைக்கு இறங்கினேன். மூன்றாம் மாதம் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் இடக்கைக்கு மாற்றினேன். நாட்பட்ட நிலையில் இது வீக்கத்தைவிட நாணின் நார்கள் நைந்துபோன கோளாறு என்பதையும், ஊசி நோவை அடக்குமே தவிர நைந்ததைத் தேற்றாது என்பதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2013 இல் வெளிவந்த, 165 பேரைக் கொண்ட அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், ஸ்டெரொயிட் போட்டவர்களில் 54 வீதமானோருக்கு நோவு திரும்பியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 12 வீதமானோருக்கே திரும்பியது. அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் ஸ்டெரொயிட் சில நாட்களுக்குச் சீனியையும் ஏற்றிவிடும்.

என்னைத் தேற்றியது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவில் கற்றுத்தந்த, பார்வைக்கு அற்பமான ஒரு பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை மற்றக் கையால் உயர்த்திவிட்டு, நாலு எண்ணும் வரை மெதுவாக இறக்க வேண்டும். பத்துத் தடவை, சற்று ஓய்வு, அப்படி மூன்று சுற்று. இலேசாக நொந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் நோவு கூடியிருந்தால் போத்தலில் பாதித் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். ஆறு கிழமை வரை எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கைவிடத்தான் நினைத்தேன். பத்தாம் கிழமை கோப்பை வலக்கைக்குத் திரும்பியது. முழங்கைக்கு இரண்டு விரல் கீழே கட்டும் பட்டி வேலை நேரத்தில் சிறிது உதவும்.

உழைப்பை அடியோடு நிறுத்தச் சொல்ல முடியாது. மாவைச் சற்று இளக்கமாகக் குழைத்தால் உரலை அழுத்தும் பலம் குறையும். பிழிவதை வீட்டில் இன்னொருவர் பாதி ஏற்றால் இன்னும் நல்லது. விரல்கள் மரத்தாலோ, நோவு கழுத்திலிருந்து இறங்கினாலோ, விழுந்த பின் தொடங்கியிருந்தாலோ பயிற்சிக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.