கிரேடு 1 என்றால் சுலபமா? மலைப்பாறை ஏற்றம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லண்டனில் இருக்கிறேன். நண்பர்களோடு வேல்ஸில் கிரிப் கோக் ஏறப்போகிறோம். ‘கிரேடு 1 ஸ்கிராம்பிள்’ என்கிறார்கள். ஒன்று என்றால் சுலபம்தானே?

பதில்: தம்பி, ஸ்கிராம்பிள் என்பது நடைக்கும் கயிறு போட்ட பாறையேற்றத்துக்கும் இடைப்பட்டது. பிரிட்டனில் அதற்கு 1, 2, 3 என்று மூன்று படிகள். ஒன்றில் கையையும் ஊன்றி ஏற வேண்டும்; பிடிகள் பெரியவை, பொதுவாகக் கயிறு வேண்டாம். ஆனால் அந்த எண் முக்கியமாகச் சொல்வது ஏறுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான். தவறினால் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. கிரிப் கோக் 923 மீட்டர் உயரம், கத்தி விளிம்பு மாதிரி முகடு, வடக்கே கிடுகிடு பள்ளம். பாதியில் பயம் வந்தால் பக்கவாட்டில் இறங்க நல்ல வழி கிடையாது. இன்னொன்று, கோடையில் காய்ந்த பாறைக்குத்தான் அந்த கிரேடு. பனி படிந்தால் அது பனிக்கோடரியும் கிராம்பானும் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள்) கேட்கும் வேறு மலை.

கேள்வி: அமெரிக்காவின் கிளாஸ் 3-ம் இந்த கிரேடு 3-ம் ஒன்றா?

பதில்: இல்லவே இல்லை. அமெரிக்காவில் நடைக்கு 1-ல் தொடங்கி கயிறு ஏற்றத்துக்கு 5 வரை ‘கிளாஸ்’, அதாவது வகுப்பு. அதில் கிளாஸ் 3 சுமாராக பிரிட்டனின் கிரேடு 1 பக்கம் வரும். பிரிட்டனின் 3-ல் பல இடங்களில் கயிறு வேண்டும்.

கேள்வி: கொலராடோவில் லாங்ஸ் பீக் கீஹோல் வழி கிளாஸ் 3. சாதாரண ஷூவில் போய் வந்தேன். சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: நல்லபடியாக வந்ததில் சந்தோஷம். ஆனால் அது 4,346 மீட்டர் சிகரம். போய்வர 20 கிலோமீட்டருக்கு மேல். மதியம் இடி மின்னல் வரும் என்பதால் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். இதில் எதுவும் ‘3’ என்ற எண்ணுக்குள் இல்லை. காய்ந்த பாறையும் தெளிந்த வானமும் உங்களுக்கு அமைந்தன. உங்களை நம்பி அடுத்தவர் ஈரப்பாறையில் ஏறினால்?

ஆல்ப்ஸ்காரர்கள் இதை உணர்ந்துதான் எஃப் (சுலபம்), பிடி (கொஞ்சம் கடினம்), ஏடி (ஓரளவு கடினம்) என்று முழுப் பயணத்துக்கும் சேர்த்து ஒரு தரம் தருகிறார்கள். நீளம், உயரம், ஆபத்து எல்லாம் அதில் அடங்கும். ஆல்ப்ஸ் மலையில் உள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தின் ஹோர்ன்லி முகடு ஏடி. பாறை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் நடுத்தரம்தான். ஆனால் ஏறுபவர்கள் தங்கும் மலைக்குடிலிலிருந்து சுமார் 1,200 மீட்டர் ஏறி, அதே வழியில் இறங்க வேண்டும். 1865-ல் முதலில் உச்சியைத் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போதுதான் இறந்தார்கள்.

கேள்வி: அமெரிக்கப் பாறையேற்றத் தரத்தில் 5.9-க்கு அப்புறம் 5.10 ஏன்? 6.0 அல்லவா வர வேண்டும்?

பதில்: அமெரிக்க முறையில் 5 என்பது கயிறு போட்டு ஏறும் வகுப்பு. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல, படி. முதலில் 5.9-தான் உச்சம் என்று நினைத்தார்கள். அதைவிடக் கடினமானவற்றை ஏறியதும் ‘ஐந்து பத்து’ வந்தது. இப்போது 5.15 வரை வந்துவிட்டது.

கேள்வி: மழையில் கிரிப் கோக் போகலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஈரத்திலும் பலத்த காற்றிலும் வேண்டாம்.

கேள்வி: கிரிப் கோக், பத்து வயது மகனுடன்?

பதில்: மூன்றாவது முறை கேட்கிறார்கள். வேண்டாம். முதலில் வேல்ஸிலேயே உள்ள ட்ரிவன் மலையின் வடக்கு முகட்டை நீங்கள் மட்டும், அனுபவம் உள்ள ஒருவரோடு ஏறிப் பாருங்கள். அதுவும் கிரேடு 1-தான். ஆனால் அகலமானது, பல இடங்களில் கடினமான பாறையைச் சுற்றிப் போகலாம்.