கடனட்டைக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா, இரண்டு சலுகையில் எதை எடுப்பது?

அட்டையில் இரண்டு லட்சம் பாக்கி, வட்டி 28% என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வங்கி 12 மாதத்துக்கு 6% கட்டணம் கேட்கிறது, இன்னொன்று 24 மாதத்துக்கு 15%. இரண்டுமே தவணைக்கு வட்டி இல்லை என்கின்றன.

நானும் இதே இடத்தில் நின்றவன். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அப்பாவின் சத்திரசிகிச்சைக்குக் கண்டியில் அட்டையை இழுத்தேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, அட்டை வட்டியும் கூடவே எகிறியது. 2023 ஓகஸ்ட்டில்தான் 28% என்று உச்சவரம்பு வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் சலுகையில் கட்டணம் 12,000, மாதம் கிட்டத்தட்ட 17,670. இரண்டாவதில் கட்டணம் 30,000, மாதம் 9,583. "28 சதவீதத்தில் வருடம் 56,000 போகும், 12,000 கொடுத்தால் 44,000 மிச்சம்" என்று விற்க வருபவர் சொல்வார். அது பாதி உண்மை. அதே 17,670ஐப் பழைய அட்டைக்கே மாதாமாதம் கட்டினாலும் கடன் குறைந்துகொண்டே வரும். பதின்மூன்று, பதினான்கு மாதத்தில் முடியும், வட்டி மொத்தம் 35,000 அளவுதான். ஆக, உண்மையான மிச்சம் 23,000. அதுவும் சின்னத் தொகை இல்லையே. இரண்டாவதின் 15% இரண்டு வருடத்துக்கு என்பதால் வருடம் ஏழரை என்று தோன்றும். மாதாமாதம் அசல் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் 14 சதவீதத்துக்குக் கிட்ட வரும்.

மாதம் 17,670 உறுதியாகக் கட்ட முடிந்தால் முதலாவது. சம்பளத்தில் அது இடித்தால் இரண்டாவதை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தவணை தவறினால் சலுகையே ரத்தாகி வழக்கமான வட்டி ஏறுமா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். தாமதம் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலும் தெரியும்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து, யாராவது எடுத்து வந்தால்தான் உண்டு. ஸ்டேட்மெண்ட் கைக்கு வந்தபோது உறை மழையில் நனைந்து ஒட்டியிருந்தது, கடைசித் திகதி போய் ஒன்பது நாள். தாமதக் கட்டணம் தண்டம். அன்றைக்கே குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றிவிட்டேன். தோட்டத்தில் இருப்பவர்கள் இதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம், காலியான பழைய அட்டை. அதில் மறுபடி வாங்க ஆரம்பித்தால் ஒரு கடன் இரண்டாகும். என்னுடையதை அம்மா பாக்குவெட்டியால் இரண்டாக நறுக்கினார். முடிந்தது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து வருடக் கட்டணம் கேட்டு வந்தது, கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லையாம்.