பல் காரையும் பழைய பாஸ்வேர்டும்

கேள்வி: மனிதப் பரிணாமம் பற்றிய சமீபத்திய கண்டுபிடிப்புகளில் உங்களைக் கவர்ந்தது எது? இதையெல்லாம் படித்தபின் நானும் எச்சில் அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். தகவல் பாதுகாப்பு என்று பார்த்தால் அது சரியா?

கேள்வியின் முதல் பாதிக்கு நான் வெறும் வாசகன். இரண்டாம் பாதி என் பிழைப்பு. ஒரு நிறுவனத்தின் லாகின் பக்கத்தில் யார் நுழைகிறார்கள், யார் நுழையப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கும் குழுவில் வேலை. இரண்டு பாதிக்கும் இருக்கும் தொடர்பு எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

என்னைக் கவர்ந்தது ஹார்பின் மண்டையோடு. 1933-இல், வடகிழக்குச் சீனா ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, ஹார்பின் நகரில் சோங்ஹுவா ஆற்றின் மேல் பாலம் கட்டும் வேலை நடந்தது. அங்கே ஒரு தொழிலாளிக்கு மண்டையோடு ஒன்று கிடைத்ததாகவும், ஜப்பானியர் கண்ணில் படாமல் அதைக் கிணற்றில் போட்டு மறைத்ததாகவும் அவருடைய குடும்பத்தார் சொல்கிறார்கள். எண்பது வருஷத்துக்கு மேல் வாயே திறக்காதவர், சாவதற்கு முன் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். 2018-இல் அது ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. குறைந்தது 1,46,000 வருஷம் பழையது. பெரிய தலை, தடித்த புருவ எலும்பு. 2021-இல் ஹோமோ லாங்கி என்று தனி இனமாகவே பெயர் வைத்தார்கள். செய்திகளில் 'டிராகன் மனிதன்'.

இன்னொரு பக்கம் டெனிசோவன்கள். 2008-இல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்புத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, 2010-இல் இது நியாண்டர்தாலும் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன பழைய மனிதக் கூட்டம்) இல்லை, நாமும் இல்லை, வேறொரு கூட்டம் என்று அறிவித்தார்கள். முழு மரபணுத் தொகுதியும் கைக்கு வந்தது. ஆனால் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு மண்டையோடு கிடையாது. நம் பாஷையில் சொன்னால், ஆதார் எண் இருக்கிறது, போட்டோ இல்லை. ஹார்பினில் போட்டோ இருக்கிறது, எண் இல்லை.

இரண்டையும் 2025 ஜூனில் சீன மரபணு ஆய்வாளர் ஃபு சியாவோமெய் குழு சேர்த்துவைத்தது. முதலில் பல்லைச் சுரண்டிப் பார்த்தார்கள், டிஎன்ஏ இல்லை. உள்காதைச் சுற்றியிருக்கும் கெட்டி எலும்பைப் பார்த்தார்கள். பழைய டிஎன்ஏவுக்குப் பேர்போன இடம் அது, அங்கேயும் இல்லை. கடைசியில் மிச்சமிருந்த ஒற்றைப் பல்லில் படிந்திருந்த காரையிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கிடைத்தது. பல் டாக்டர் சுரண்டித் துப்பச் சொல்வாரே, அதே காரைதான். எலும்பிலிருந்து எடுத்த புரதங்களும் அதையே சொல்ல, டிராகன் மனிதர் டெனிசோவன் என்று ஆனது. பல் தேய்க்காத ஒரு மனிதரால் ஒரு கூட்டத்துக்கே முகம் கிடைத்தது.

அது மண்டையோட்டைத் தொட்டவர்களின் டிஎன்ஏ இல்லை என்று எப்படித் தெரியும்? இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். பழைய டிஎன்ஏ சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுங்கியிருக்கும். துண்டுகளின் ஓரங்களில், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான 'சி' சிதைந்து 'டி' போலப் படிக்கப்படும். இந்தச் சேதம் இருந்தால்தான் சரக்கு பழசு என்று நம்புவார்கள். முழுசாக, பளபளவென்று கிடைத்தால் அது நேற்றுத் தொட்டவருடையது. எங்கள் வேலையிலும் அப்படித்தான். யார் எப்போது நுழைந்தார்கள் என்று பதிவாகும் லாக் ஃபைல் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

இதெல்லாம் யாரோ எவரோ கதையும் இல்லை. 2020-இல் ஹ்யூகோ ஸீபர்க், ஸ்வாந்தே பாபோ இருவரும் கோவிட் கடுமையாவதற்கான ஆபத்தைக் கூட்டும் ஒரு டிஎன்ஏ பகுதி நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது இருக்கிறது, ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதத்தினரிடம்தான். பாபோவுக்கு 2022-இல் நோபல் கிடைத்தது. அது இந்த ஆய்வுக்காக மட்டும் அல்ல, பழைய டிஎன்ஏவைப் படிக்கும் துறையையே உருவாக்கியதற்காக.

சரி, எச்சில் விஷயத்துக்கு வருகிறேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது இரண்டு பரிசோதனைப் பெட்டிகள் கொண்டுவந்தார். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குழாயில் துப்பினார். அரை மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, எச்சில் கோடு வரை வர வேண்டும், நுரை கணக்கில் சேராது. பெரியம்மா அடுப்படியிலிருந்தே, "காப்பி ஆறுதுடா, எத்தனை நேரம் துப்புவ?" என்றார். இன்னொரு பெட்டி எனக்கு. "நீயும் பண்ணுடா" என்றார் அண்ணன். நான் நழுவினேன்.

காரணம், எச்சிலை வாங்கி டிஎன்ஏ பார்த்துச் சொல்லும் அமெரிக்க நிறுவனமான 23அண்ட்மீயின் விவகாரம் அப்போது எனக்கு அத்துப்படி. 2023-இல் அந்த நிறுவனத்தில் நடந்ததை 'ஹேக்' என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. வேறு தளங்களிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு, அதே சாவி இங்கேயும் திறக்கிறதா என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தார்கள். இந்த வகைத் தாக்குதலை நான் திரையில் பார்த்திருக்கிறேன். ஒரே கணக்கை நூறு முறை தட்டினால் அலாரம் அடிக்கும். இதில் ஒரு கணக்குக்கு ஒரே ஒரு முயற்சி, அதுவும் ஒவ்வொன்றும் வெவ்வேறு இணைய முகவரியிலிருந்து. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பாஸ்வேர்டை மறந்துபோன அப்பாவிகள் மாதிரிதான் தெரியும். மொத்த வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் நடுராத்திரியில் இத்தனை பேருக்கு எப்படி ஒரே நேரத்தில் மறதி வந்தது என்று உறைக்கும்.

அங்கே நேரடியாகத் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள். தகவல் வெளியே போனது 69 லட்சம் பேருடையது. ஒரு சாவிக்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு வீடு! உறவினர்களைத் தேடித் தரும் வசதி இருந்ததுதான் காரணம். ஒருவர் கணக்குக்குள் போனால் அவருக்குப் பங்காளி முறை வரும் அத்தனை பேரின் பெயரும் வம்சாவளி விவரமும் தெரியும். யூதர்கள், சீனர்கள் என்று இனவாரியாகப் பட்டியல் போட்டு விற்பனைக்கு வைத்தார்கள். நிறுவனத்தின் வக்கீல்களோ பழைய பாஸ்வேர்டை மறுபடி பயன்படுத்திய வாடிக்கையாளர்கள் மேல் பழியைப் போட்டார்கள். பாதி உண்மைதான். ஆனால் அந்த 69 லட்சத்தில் பெரும்பாலோர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. ஒன்றரைக் கோடி பேரின் எச்சில் விவரம் ஏலத்துக்குப் போய், கடைசியில் நிறுவனர் ஆன் வோஜ்சிக்கி தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

ஒரு பல் காரை ஒரு கூட்டத்தையே காட்டிக்கொடுத்தது அல்லவா, இதுவும் அதே சங்கதிதான். டிஎன்ஏ தனி ஆளுடைய சொத்து இல்லை. 2018-இல் கலிபோர்னியாவில் பழைய தொடர் கொலைகாரனைப் பிடித்ததும் இப்படித்தான். அவன் துப்பவில்லை, தூரத்துச் சொந்தக்காரர்கள் துப்பியிருந்தார்கள்.

(2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ இழையிலேயே வைரஸ் நிரலை எழுதி, அதைப் படிக்கும் கணினியைக் கைப்பற்றிக் காட்டினார்கள். பயப்பட வேண்டாம், அதற்காக மென்பொருளில் அவர்களே ஓட்டை போட்டுவைத்தார்கள். நிஜத்தில் திருடனுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டிய தேவையே இல்லை.)

ஆகவே, வெறும் ஆர்வத்துக்காக என்றால் என் பதில் வேண்டாம். நியாண்டர்தால் சதவீதம் தெரிய வேண்டுமா? ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் உள்ள யாருக்கும் ஒன்று, இரண்டு சதவீதம்தான். நானே இலவசமாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் சொல்லிச் செய்யும் பரிசோதனை வேறு, அதை நான் தடுக்கவில்லை. செய்தே தீருவேன் என்றால் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், உறவினர் தேடலை அணையுங்கள், முடிவு வந்ததும் எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். இதை எங்கே போய் மாற்றுவது?

பெரியம்மா மகன் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டிஎன்ஏ எங்கள் இருவருக்கும் பொது. அதாவது நான் துப்பாமலே கொஞ்சம் போய்ச் சேர்ந்துவிட்டேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தபோதுதான் அது மண்டையில் ஏறி, அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அந்த டிஎன்ஏ கணக்குக்கு என்ன பாஸ்வேர்டு வெச்சிருக்கீங்க?"

"நம்ம பாஸ்வேர்டுதான்டா."

நம்ம பாஸ்வேர்டு என்றால் தாத்தாவின் பழைய அம்பாசிடர் கார் நம்பர். வீட்டு வைஃபை, படம் பார்க்கும் தளம், பெரியம்மாவின் மின்கட்டணக் கணக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். அவரை லைனில் வைத்துக்கொண்டே மாற்ற வைத்தேன். பழைய பாஸ்வேர்டை டைப் செய்யச் சொல்லித் தளம் கேட்டபோது, நடுவில் வரும் எழுத்து பெரியதா சின்னதா என்று அண்ணனுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு ஞாபகம் இருந்தது.