சாப்பிட்டாலே வயிற்றுவலி: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சுகர் உண்டு, பீடி பழக்கமும் இருக்கிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலி வந்து இரண்டு மணி நேரம் படுத்துகிறது. வலிக்குப் பயந்து சாப்பாட்டையே குறைத்துவிட்டார். எட்டு மாதத்தில் 11 கிலோ இறங்கிவிட்டது. எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன் இரண்டும் நார்மல். கடைசியில் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்ததில் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அடைப்பு என்று வந்தது. ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். மாத்திரையில் சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. எடை இவ்வளவு இறங்கிய பிறகு தள்ளிப்போட வேண்டாம்.

குடலுக்கு மூன்று பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றவை ஈடுகொடுத்துவிடும். அதனால் இந்த வலி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்தது இரண்டு குழாய்களாவது அடைபட்டிருக்கும். சாப்பிட்டதும் செரிமானத்துக்கு ரத்தம் அதிகம் தேவை. அது போய்ச் சேராததால்தான் வலி. இதை அல்சர், கேஸ் என்றே மாதக்கணக்கில் வைத்தியம் பார்ப்பது நடக்கிறது. சாப்பிடப் பயம், எடைக் குறைவு, புகைப்பழக்கம் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் ரத்தக்குழாயையும் பார்த்துவிட வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் அவருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை அடைப்பு மேலும் வளராமலும் ரத்தம் உறையாமலும் காக்குமே தவிர, ஏற்கெனவே சுருங்கிய குழாயை விரித்துவிடாது.

ஸ்டென்ட் என்றதும் பெரிய ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். தொடை அல்லது கை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் விரித்து, மறுபடி சுருங்காமல் தாங்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும். பலருக்குச் சில நாட்களிலேயே சாப்பிட முடிகிறது. எடை மெதுவாகத்தான் ஏறும். அடைப்பு நீளமாகவோ கால்சியம் படிந்து கெட்டியாகவோ இருந்து ஸ்டென்ட் சரிவராவிட்டால், அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப்பாதை போடும் பைபாஸ் ஆபரேஷன் உண்டு. அது நீண்ட நாள் தாங்கும். ஆனால் இவ்வளவு மெலிந்த உடம்புக்கு அதன் ஆபத்து அதிகம். அதனால் முதலில் ஸ்டென்ட் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரியே.

சிகிச்சைக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காகச் சாயம் செலுத்தும்போது மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைக்கும்வரை சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். பட்டினி போடாதீர்கள்.

ஸ்டென்ட் மறுபடி சுருங்குவது உண்டு. ஒரு மாதத்தில் ஒரு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்), பிறகு முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. வலி போய்விட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பீடியை இன்றே விடச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் திட்டாதீர்கள், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன.

இன்னொன்று மிக முக்கியம். வழக்கமாக வந்து போகும் வலி திடீரெனக் கடுமையாகி, நிற்காமல் தொடர்ந்தாலோ, வாந்தியோ மலத்தில் ரத்தமோ வந்தாலோ, குழாய் முழுவதும் அடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிடி ஆஞ்சியோ ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.