பதில்: கோம்பாக் ரயில் நிலையத்தை நம்பி கடை வாங்கலாமா?

வணக்கம் அண்ணே. மலேசியாவின் கிழக்குக் கரையைக் கோலாலம்பூர் பக்கத்தோடு இணைக்கும் கிழக்குக் கரை ரயில் வருது, சீனக் கம்பெனிகள் வந்து குவியும், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள கோம்பாக்கில் இப்போதே கடை வாங்கிப் போடுங்கள் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் மச்சான் 2017-ல் இதே பேச்சை நம்பித்தான் சுங்கை பீசியில் கடை வாங்கினார். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில், சுங்கை பீசிக்குப் பக்கத்தில் உள்ள பண்டார் மலேசியாவுக்கு வரும் என்று 2016 டிசம்பரில் மலேசியா, சிங்கப்பூர் இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தன. 2018-ல் மலேசியாவில் ஆட்சி மாறியது, திட்டம் தள்ளிப்போனது, 2020 கடைசியில் ஒப்பந்தமே முடிந்துபோய் நாம் சிங்கப்பூருக்கு 10.28 கோடி சிங்கப்பூர் டாலர் இழப்பீடு கட்டினோம். மச்சான் கடை ஷட்டரில் வாடகைக்கு என்று ஒட்டிய தாள் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது, வங்கித் தவணை மட்டும் மாதாமாதம் போகிறது.

கிழக்குக் கரை ரயிலும் 2018-ல் நிறுத்தப்பட்டதுதான். மறுபடி பேசி, 2019 ஏப்ரலில் செலவை 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடிக்குக் குறைத்த பிறகே உயிர் வந்தது. அதில் பெரும்பகுதி சீன வங்கிக் கடன். கடன் வேறு, முதலீடு வேறு அண்ணே! தண்டவாளம் போடுகிற கம்பெனி வேலை முடிந்ததும் கிளம்பிவிடும், தொழிற்சாலை கட்டுகிறவன்தான் இருப்பான்.

அதனால் ரயிலை மறந்துவிட்டு, இன்றைய வாடகை தவணையைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், அண்ணியின் சேமிப்பையும் இதில் போடப்போவதாகச் சொன்னீர்களே, அதைத் தயவுசெய்து தொடாதீர்கள்.