கவாசாகி நோய் குழந்தைக்கு எதனால் வருகிறது? பெற்றோர் செய்த தவறா?

அக்கா மகனுக்கு மூன்று வயது, எட்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு கவாசாகி என்று சொல்லி அட்மிட் பண்ணியிருக்கிறார்கள், எதனால் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லி அக்காவைப் படுத்துகிறார்கள், வீட்டில் இருக்கிற கைக்குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று பயமாக இருக்கிறது. இவ்வளவும் நீங்கள் கேட்டிருப்பது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதனால் வருகிறது என்று இன்றுவரை உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. உங்கள் அக்கா ஊட்டியது, ஊட்டாதது எதனாலும் வரவில்லை. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு ஒட்டாது. நான் டாக்டர் இல்லை, இதே நோயோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்த ஒரு அப்பா. அதனால் வைத்தியம் என்ன என்பதை அங்கே இருக்கிற குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

என் மகனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் ராத்திரி காய்ச்சல் ஆரம்பித்தது. வெயிலில் அலைந்த காய்ச்சல் என்று நினைத்தோம். பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கும், நாலு மணி நேரத்தில் திரும்ப 103-க்கு ஏறும். மூன்றாவது நாள் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். நாலாவது நாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்தினோம். அன்று சாயங்காலமே இரண்டு கண்ணும் சிவந்துவிட்டது, ஆனால் பீளை கிடையாது, தண்ணீர்கூட வடியவில்லை. வெறும் சிவப்பு.

எங்கள் அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எய்யா, இது மணல்வாரி அம்மை. இனி மருந்து மாத்திரைன்னு ஒண்ணும் கொடுக்காதிய" என்று சொல்லிவிட்டாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. பிள்ளைக்குக் கீழே வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, இளநீர், நுங்குத் தண்ணீர் என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஊரில் எந்த ஆச்சியும் அம்மை என்றுதான் சொல்லுவாள், டாக்டர்களே முதலில் தட்டம்மையாக இருக்குமோ என்றுதான் யோசிப்பார்கள். ஆனால் அம்மை என்று சொன்னதுமே ஆஸ்பத்திரிக் கதவு அடைபட்டுவிடுகிறது பாருங்கள், தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாது, அங்கேதான் நாங்கள் மூன்று நாளைத் தொலைத்தோம்.

அந்த மூன்று நாளில் உதடு வெடித்து ரத்தக் கோடு விழுந்தது. நாக்கு கோவைப்பழச் சிவப்பில், மேலே குருணை குருணையாக. டாக்டர்கள் இதை ஸ்ட்ராபெரி நாக்கு என்கிறார்கள், நம் ஊரில் ஸ்ட்ராபெரியை யார் கண்டது. கையில் கிடந்த வெள்ளிக் காப்பு இறுகி, கழற்றப் போனால் வீறிட்டு அழுதான். புறங்கை, புறங்கால் எல்லாம் பொதபொதவென்று வீங்கியிருந்தது. அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை, தூக்கினாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை, யாராலும் தேற்ற முடியவில்லை. அழுகையும் இந்த நோயின் ஒரு குணம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஏழாவது நாள் என் மனைவி யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை பஸ் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே பைக்கில் போனேன். அங்கே இருந்த குழந்தை மருத்துவர் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தடவினார், அப்புறம் சட்டையைக் கழற்றி இடது தோளைப் பார்த்தார். பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசியின் தழும்பு இருக்குமே, அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. ஏழு நாளும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துவிட்ட உடம்பு, எங்கள் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் கொசுக்கடி என்றுதான் நினைத்திருப்போம். அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான் அவர் "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று இரண்டாவது தடவை கேட்டார்.

நோயின் பெயரைச் சொன்னதும் எங்கள் அப்பா, "கவாசாகியா? அது பஜாஜ் வண்டியில்லா?" என்றார். அவ்வளவு நெருக்கடியிலும் டாக்டர் சிரித்துவிட்டார். வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோமிசாகு கவாசாகி என்று ஒரு ஜப்பானியக் குழந்தை மருத்துவர், 1961-ல் நாலு வயதுப் பையன் ஒருவனிடம் இந்தக் கலவையை முதன்முதலில் கவனித்தார். வேறு எந்த நோயிலும் அடங்கவில்லையே என்று விடாமல் குறித்து வைத்து, 50 பிள்ளைகளைப் பற்றி 1967-ல் எழுதினார். அவர் 2020-ல், 95 வயதில் இறந்தார். தன் பெயரைத் தாங்கிய நோய்க்குக் காரணம் என்ன என்று கடைசிவரை அவருக்கும் தெரியாது. இதை எதற்குச் சொல்லுகிறேன் என்றால், அறுபது வருஷம் தேடிய மனிதருக்கே கிடைக்காத காரணத்தை உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அக்காவின் சமையலில் கண்டுபிடித்துவிட முடியாது.

ஆனால் நாங்களும் அதைத்தான் செய்தோம். சாஸ்தா கோவிலில் நேர்ந்துகொண்டதைச் செய்யவில்லை என்றார்கள். ஆற்றில் குளிப்பாட்டியது, திருவிழாக் கடையில் வாங்கிய சேமியா ஐஸ், கண்ணேறு என்று வரிசையாக வந்தது. சித்தி ஒருத்தி பிசிஜி தழும்பு சிவந்திருப்பதைக் கேள்விப்பட்டு, "பாத்தியளா, ஊசிதான் காரணம்" என்று முடிவே கட்டிவிட்டாள். இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் யாராவது சொல்லுவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிக் கொதிக்கும்போது பழைய தழும்பும் சேர்ந்து கொதிக்கிறது, அவ்வளவுதான். தழும்பு அடையாளம் காட்டுகிறதே தவிர, நோயை உண்டாக்கவில்லை.

அட்மிட் ஆன ராத்திரி நானும் என் மனைவியிடம் கேட்டேன். வராந்தாவில், மெதுவாகத்தான், "நீ என்னதான் கொடுத்த அவனுக்கு?" என்று. அவள் ஒன்றும் சொல்லாமல் போனைத் திறந்து காட்டினாள். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு தடவை காய்ச்சல் பார்த்ததும், எத்தனை டிகிரி, எந்த மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று எல்லாம் குறித்து வைத்திருந்தாள். முதல் வரி, செவ்வாய் ராத்திரி 9.40, 102.6. நான் கேட்ட அதே கேள்வியை டாக்டரும் கேட்டார், ஆனால் அவர் கேட்டது நாள் கணக்குக்காக. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அவர் இது ஏழாவது நாள் என்று உறுதி செய்துகொண்டார். நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நாள் கணக்கு ஏன் என்றால், இந்த நோயின் ஆபத்து தோலில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற கரோனரி குழாய்கள் பலூன் மாதிரி வீங்கிவிடக்கூடும். வைத்தியம் பார்க்காத பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு அப்படி ஆகிறது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் ஐவிஐஜி என்கிற மருந்தை ஏற்றிவிட்டால் அது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உங்கள் மருமகன் எட்டாவது நாளில் உள்ளே போய்விட்டான் இல்லையா, அது நல்ல விஷயம், அதை அக்காவிடம் சொல்லுங்கள். ஒருவேளை காய்ச்சல் விடாமல் பத்து நாள் தாண்டிவிட்டாலும் மருந்து கொடுக்கத்தான் செய்வார்கள், கைவிட்டுவிட மாட்டார்கள்.

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. என் மகன் பத்து கிலோ, ஆக 20 கிராம், ஐந்து கிராம் பாட்டில் நாலு. விலை அதிகம்தான், மனைவியின் இரண்டு வளையல் அன்றைக்கே அடகுக்குப் போனது. காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே அங்கே காட்டி விசாரித்துவிடுங்கள், நாங்கள் பதற்றத்தில் கேட்கவே இல்லை. சொட்டுச் சொட்டாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏறும், இடையிடையே நர்ஸ் வந்து நாடி, காய்ச்சல் பார்ப்பார். விடியும்போது நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. சில பிள்ளைகளுக்கு முதல் தடவையில் காய்ச்சல் விடாது, இரண்டாவது தடவையோ வேறு மருந்தோ கொடுப்பார்கள். அப்படி நடந்தால் கை மீறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

காரணத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் நினைப்பது, ஏதோ ஒரு கிருமி, ஒன்றாகவோ பலவாகவோ இருக்கலாம், உடம்புக்குள் போகிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சாதாரண சளி காய்ச்சலாக வந்து போய்விடுகிறது, மரபணுவிலேயே ஒரு சாய்வு இருக்கிற சில பிள்ளைகளுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி வெறி பிடித்தமாதிரி சொந்த ரத்தக்குழாய்மேல் பாய்கிறது. இதற்குத் தடயங்கள் இருக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது, பெரியவர்களுக்கு மிக அரிது. ஜப்பானில் 1979, 1982, 1986-ல் அலை அலையாக வந்தது. ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் வளர்ந்தாலும் அதிகம் வருகிறது. கொரோனாவால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-ல் ஜப்பானில் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. இவ்வளவு இருந்தும் இன்ன கிருமி என்று ஒன்றைப் பிடிக்க முடியவில்லை. 1980-களில் அமெரிக்காவில் கம்பளம் கழுவுகிற ஷாம்பு மேல் சந்தேகப்பட்டார்கள். எங்கள் வீட்டில் விரிப்பது பத்தமடைப் பாய், அதை யார் ஷாம்பு போட்டுக் கழுவுகிறார்கள்? மத்திய ஆசியாவிலிருந்து ஜப்பானுக்கு அடிக்கிற காற்றோடு ஏதோ வருகிறது என்று 2011-ல் ஒரு குழு எழுதியது. அதுவும் முடிவாகவில்லை.

கைக்குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒட்டுகிற நோய் இல்லை, பிரித்து வைக்க வேண்டாம். கூடப் பிறந்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல், ஆனாலும் அது மிகச் சிறிய வாய்ப்புதான், இரண்டு பிள்ளைக்கும் வந்த வீடுகள் அபூர்வம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குப் பல சமயம் இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து வராது, ஒன்றிரண்டு மட்டும் தெரியலாம். ஐந்து நாளாக விடாத காய்ச்சல் என்றால், அம்மையோ எதுவோ, வேப்பிலையும் இருக்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பயப்பட வைத்த ஒரு விஷயம், விரல் நுனி உரிந்தது. சின்ன வயதில் பெவிகாலைக் கையில் தடவிக் காயவிட்டு உரிப்போமே, அப்படி நகக்கண்ணிலிருந்து முழுசு முழுசாக வந்தது. திரும்பவும் நோய் வந்துவிட்டது என்று போனில் அலறினேன், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் அப்படித்தான் உரியும் என்றார் டாக்டர். பிய்த்து இழுக்காமல் விட்டால் தானே சரியாகிவிடும்.

ஆஸ்பிரின் கொஞ்சம் கொஞ்சமாகச் சில வாரம் கொடுக்கச் சொல்லுவார்கள், அந்தச் சமயத்தில் வீட்டில் யாருக்காவது ஃபுளூவோ சின்னம்மையோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ஆஸ்பிரினும் அந்த வைரஸும் சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் பாதிக்கிற ஒரு கோளாறு வரக்கூடும். இதயத்தையும் அதன் குழாய்களையும் காட்டுகிற எக்கோ ஸ்கேனை இரண்டாவது வாரம் ஒரு தடவை, ஆறு எட்டு வாரத்தில் ஒரு தடவை பார்ப்பார்கள். எங்களுக்கு முதல் எக்கோவில் ஒரு குழாய் லேசாக விரிந்து, இசட் ஸ்கோர் 2.3 என்று வந்தது, பிள்ளையின் உடம்பு அளவுக்குக் குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று காட்டுகிற எண் அது. 2-க்குள் இருந்தால் சாதாரணம், 2.5-க்கு மேல் போனால்தான் வீக்கம் என்று கணக்காம். எட்டாவது வாரம் 1.1. அந்தத் தாளை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கே இல்லை.

ஐவிஐஜி ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் பதினோரு மாதம் தள்ளிப் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் ஏற்றிய புரதம் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். மற்ற ஊசிகளுக்கு இந்தத் தடை இல்லை. எங்கள் ஊர் நர்சம்மா ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு வந்து, "எம்ஆர் ரெண்டாவது ஊசி பாக்கி இருக்கே" என்று தட்டம்மை, ரூபெல்லாவுக்கான ஊசியைக் கேட்க, என் மனைவி டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். மாசி மாதம்தான் போட்டோம். அந்தப் பழைய காய்ச்சல் பட்டியல் இன்னும் அவள் போனில் கிடக்கிறது, செவ்வாய் ராத்திரி 9.40-ல் தொடங்கி, கடைசி வரியில் "எம்ஆர் போட்டாச்சு, அழவில்லை" என்று இருக்கிறது.